சீன எழுத்தும் நம் கூலியும்

(தோட்டக் கிளையின் மாதக் கூட்டத்தில், சங்க உறுப்பினரான கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)

 

சம்பளத்தைப் பற்றிப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு, 'சீன மொழியும் எழுத்தும்' என்று பலகையில் எழுதியிருப்பது வியப்பாக இருக்கலாம். "கிராணிக்கு வேறு வேலை இல்லையா?" என்று பின்வரிசையில் ஒரு தோழர் கேட்டது நம் காதிலும் விழுந்தது. தோழரே, சம்பளத்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம். சற்றுப் பொறுமையோடு கேளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறோம். நாம் வேலை பார்த்த தோட்டம் ஒன்றில், பழைய பால் மரங்கள் நின்ற ஒரு பகுதியை வெட்டும் பொறுப்பு ஒரு காண்ட்ராக்டரிடம் விடப்பட்டது. தமிழ்க் குடும்பங்களும் சில சீனக் குடும்பங்களும் அங்கே மரம் வெட்டினார்கள். பாலை நிறுப்பவர் அவருடைய ஆள். கணக்கு எழுதுவது அவருடைய நோட்டுப் புத்தகம். எழுத்தோ சீன எழுத்து. மாதக் கடைசியில் கைக்கு வந்த பணம், மனக்கணக்குக்கு வெகுவாகக் குறைந்திருந்தது. காரணம் கேட்டால், "எல்லாம் புத்தகத்திலே இருக்கிறது, பார்த்துக்கொள்" என்று பதில் வந்தது.

ஒரு தாய் அந்த நோட்டை எப்படியோ கேட்டு வாங்கிக்கொண்டு நம் வீட்டு வாசலுக்கு வந்தார். "கிராணி ஐயா, நீங்க படிச்சவங்க. இதிலே என்ன எழுதியிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார். நாள் முழுதும் செக்ரோல் எழுதுகிற நாம், அந்த நோட்டைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோமா, நேராகப் பிடித்திருக்கிறோமா என்பதுகூடத் தெரியாமல் நின்றோம். அந்த வெட்கத்தை இன்றும் மறக்கவில்லை.

'சரி, சீனரிடமே கேட்போம்' என்று, பக்கத்து நிறையில் மரம் வெட்டிய சீனக் கிழவி ஒருவரிடம் இருவரும் போனோம். அவர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பசார் மலாயில், "எனக்கும் படிக்கத் தெரியாது" என்று சொல்லிச் சிரித்தார். தோழர்களே, அந்தச் சிரிப்பிலேதான் நமக்குப் புத்தி வந்தது. அந்த எழுத்து தமிழருக்கு மட்டும் பூட்டிய கதவு என்று நினைத்திருந்தோம். சொந்த மொழிக்காரரான அந்தத் தொழிலாளிக்கும் அது பூட்டிய கதவாகவே இருந்தது. அவர் கணக்கிலும் பணம் குறைந்துதான் வந்தது.

கடைசியில் அதைப் படித்தவன், ஐந்தாம் வகுப்பில் இருந்த அவருடைய பேரன். "இது தேதி, இது எடை" என்று விரல் வைத்துச் சொல்லிக்கொண்டு வந்தவன், ஓர் எழுத்திலே நிறுத்தி, "இது கோவ். போத்தோங் பண்ணியது" என்றான். வாளிக்கு ஒரு பிடித்தம். உளிக்கு ஒரு பிடித்தம். பாலில் தண்ணீர் என்று ஒரு பிடித்தம். ஒவ்வொரு பக்கத்திலும் அந்த எழுத்து நின்றது. சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது என்பதை 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. கிளை அந்த நோட்டை வைத்துக்கொண்டு பேசியது. மூன்று மாதப் பிடித்தம் திரும்பி வந்தது. அதற்கு முந்தியது வரவில்லை. பழைய நோட்டுகள் நம் கையில் இல்லை. அந்த நாளில் அவற்றைப் படிக்க ஆளும் இல்லை.

அன்று முதல் அந்தப் பையனே நமக்கு வாத்தியார். அவனிடம் தொடங்கிக் கற்றதில் சிலவற்றைத்தான் இன்று உங்களிடம் பகிர்ந்துகொள்ள வந்தோம். சீன அச்செழுத்து இல்லாமலே எழுத்தை நாம் சொல்லால் வரைவோம். பென்சில் இருப்பவர்கள் தாளில் எழுதிப் பாருங்கள். இல்லாதவர்கள் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் எழுதுங்கள்.

முதலில் நமக்குச் சோறு போடும் மரத்தில் தொடங்குவோம். நேராக ஒரு கோடு போடுங்கள். அதன் மேல்பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு. இரண்டும் சந்திக்கும் இடத்திலிருந்து இருபுறமும் கீழே சாய்கிற இரண்டு கோடுகள். மேலே கிளை, கீழே வேர். இதுதான் 'மு', அதாவது மரம். இதே எழுத்தை அருகருகே இரண்டு எழுதினால் 'லின்', அதாவது தோப்பு. மூன்று எழுதினால் அடர்ந்த காடு. நம் பட்டணத்துக் கடைகளில் 'லிம்' என்று எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்! அந்த லிம் என்ற குடும்பப் பெயர் இந்த இரண்டு மரங்கள்தான். ஹொக்கியன்காரர் அதை லிம் என்பார், கண்டோனியர் லாம் என்பார், மாண்டரினில் லின். வாய் மூன்று, எழுத்து ஒன்று.

அடுத்து மனிதன். ஒரு தலையிலிருந்து இரண்டு கால்கள் விரிந்து நிற்பதுபோல் இரண்டு சாய்கோடுகள். அது 'ரென்', மனிதன். இந்த மனிதனைச் சற்று ஒடுக்கி, மரத்தின் இடப்பக்கத்தில் நிறுத்துங்கள். மரத்தில் சாய்ந்த மனிதன்! அதன் பொருள் என்ன தெரியுமா? ஓய்வு. காலை நாலரை மணிக்கு எழுந்து, நிறை முழுதும் வெட்டி முடித்து, பால் வடியும் வரை மரத்தடியில் ஐந்து நிமிடம் முதுகைச் சாய்க்கிறோமே, அந்த ஐந்து நிமிடத்துக்கு மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு படம் எழுதி வைத்திருக்கிறார்கள்.

மூவாயிரம் ஆண்டு என்று நாம் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. சாங் வம்சத்து அரசர்கள் மழை வருமா, விளைச்சல் எப்படி, போருக்குப் போகலாமா என்று குறி கேட்டு, அந்தக் கேள்விகளை ஆமை ஓட்டிலும் மாட்டு எலும்பிலும் கீறி வைத்தார்கள். பிற்காலத்தில் அந்த எலும்புகள் மருந்துச் சரக்காக விற்கப்பட்டன. 1899ஆம் ஆண்டில் வாங் யிரோங் என்ற அறிஞர் அவற்றில் இருப்பது பழைய எழுத்து என்று கண்டார். கி.மு. 221இல் சீனத்தை ஒரே குடையின் கீழ் கொண்டுவந்த சின் பேரரசு, வட்டாரத்துக்கு ஒரு விதமாக எழுதிய எழுத்தையும் ஒன்றாக்கியது.

எல்லா எழுத்தும் படம் என்று எண்ணிவிட வேண்டாம். பெரும்பாலானவை இரண்டு பகுதி சேர்ந்தவை. ஒரு பகுதி பொருளைக் காட்டும். மற்றொன்று ஒலியைக் காட்டும். நம் சம்பளத்தைத் தின்ற 'கோவ்' என்ற எழுத்தையே பாருங்கள். இடப்பக்கம் கை. வலப்பக்கம் ஒரு சிறு சதுரம், அது வாய். வாய்க்கும் சீனத்தில் 'கோவ்' என்றே பெயர். தொனி மட்டும் வேறு. பிடிக்கிற செயலைக் கை சொல்கிறது. உச்சரிப்பை வாய் சொல்கிறது. இது புலவர்கள் சொல்லும் விளக்கம். நாம் மனத்தில் வைத்துக்கொண்ட விளக்கம் வேறு. வாய்க்குப் போகிற சோற்றைத் தடுக்கிற கை என்று வைத்துக்கொண்டோம். இன்றுவரை மறக்கவில்லை!

நம் கித்தாவுக்கு இந்நாட்டுச் சீனர் வைத்த பெயர் 'ஷு ஜியாவ்', அதாவது மரப்பசை. 'ஜியாவ்' என்ற எழுத்தின் இடப்பக்கத்தில் தசையைக் குறிக்கும் உறுப்பு இருக்கிறது. பழங்காலத்தில் பசையைத் தோலையும் கொம்பையும் காய்ச்சி எடுத்தார்கள். அந்த நினைவு எழுத்தில் தங்கிவிட்டது. மரம் வெட்டுவதற்கு 'கெ ஜியாவ்' என்பார்கள். அந்த 'கெ' எழுத்தின் வலது ஓரத்தில் ஒரு கத்தி நிற்கிறது. நம் உளியைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்றே நமக்குத் தோன்றும்.

"இப்படி எத்தனை எழுத்து ஐயா?" என்று கேட்பீர்கள். கி.பி. 100ஐ ஒட்டி ஷூ ஷென் என்பவர் தொகுத்த அகராதியில் 9,353 எழுத்துகள். 1716இல் காங்சி பேரரசர் காலத்தில் வந்த அகராதியில் 47,000க்கும் மேல். பயந்துவிடாதீர்கள். சீன அரசு 1988இல் அன்றாடப் புழக்கத்துக்கென்று வெளியிட்ட பட்டியலில் 3,500 எழுத்துகளே உண்டு. நோட்டுப் புத்தகத்தையும் சம்பளச் சீட்டையும் கடைப் பலகையையும் படிக்க அதில் ஒரு சிறு பங்கு போதும்.

பேச்சில் கவனிக்க வேண்டியது தொனி. மாண்டரினில் நான்கு தொனிகள். 'மா' என்பதைச் சமமாக உயர்த்திச் சொன்னால் தாய்; கீழிருந்து மேலேற்றினால் சணல்; தாழ்த்தி எழுப்பினால் குதிரை; வெட்டினாற்போல் இறக்கினால் திட்டுதல். அம்மாவைக் குதிரையாக்கிவிட ஒரு நொடி போதும்! நான்கு என்ற எண்ணுக்கும் சாவு என்ற சொல்லுக்கும் தொனிதான் வேறுபாடு. அடுக்குமாடி வீடுகளில் நான்காம் மாடிக்கு '3ஏ' என்று போட்டிருப்பதன் காரணம் இதுவே. சீனப் புத்தாண்டில் சிவப்புத் தாளில் 'ஃபூ' என்ற எழுத்தைக் கதவில் தலைகீழாக ஒட்டியிருப்பதைப் பார்த்து, தெரியாமல் ஒட்டிவிட்டார்கள் என்று நம் பிள்ளைகள் சிரிப்பதுண்டு. ஃபூ என்றால் நற்பேறு. 'கவிழ்ந்தது' என்பதற்கும் 'வந்து சேர்ந்தது' என்பதற்கும் சீனத்தில் ஒரே ஒலி. நற்பேறு கவிழ்ந்தது என்று வாயால் சொன்னால், நற்பேறு வந்தது என்று காதில் விழும்! அண்டை வீட்டாரின் கதவில் இருப்பதன் பொருள் தெரிந்தால், கேலி மரியாதையாக மாறும்.

இனி எண். ஒன்றுக்கு ஒரு கிடைக்கோடு, இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று. பத்துக்குக் கூட்டல் குறி போல ஒன்று. எளிதுதான், ஆனால் கிராணி கண்ணுக்கு ஆபத்து தெரிகிறது. ஒன்றைப் பத்தாக்க ஒரே கோடு போதுமே! ஆகையால் பணச் சீட்டுகளிலும் ஆவணங்களிலும், எளிதில் திருத்த முடியாதபடி கோடுகள் நிறைந்த வேறொரு வரிசை எண்களைச் சீனர் எழுதுகிறார்கள். நாம் தொகையை எழுத்தால் எழுதி, 'மட்டும்' என்று முடிக்கிறோமே, அதைப் போலத்தான். கணக்கில் கள்ளம் புகும் என்று அறிந்த சமுதாயம், கள்ளத்துக்குத் தாழ்ப்பாளும் செய்து வைத்திருக்கிறது. அந்தத் தாழ்ப்பாள் படிக்கத் தெரிந்தவனைத்தான் காப்பாற்றும்.

தோழர்களே, இந்த எழுத்து நெடுங்காலம் யாருக்குச் சொந்தமாக இருந்தது? சாங் ஜியே என்பவர் எழுத்தைப் படைத்த அன்று வானம் தானிய மழை பொழிந்தது, இரவில் பேய்கள் அழுதன என்பது பழங்கதை. எழுதிய தாளைக் காலில் மிதிக்காமல், குப்பையில் போடாமல், தனியே சேர்த்து எரிக்கும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. புத்தகம் காலில் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு இது விளங்கும். ஆயினும், மதிப்புக்குரிய அந்த எழுத்தை ஆண்டு முழுதும் உட்கார்ந்து படிக்க உழவனுக்கும் கூலிக்காரனுக்கும் நேரம் ஏது? பள்ளிக்குப் போக முடிந்த சிறுவர்கள், நம் திண்ணைப் பள்ளியில் ஆத்திசூடியை உருப்போட்டதுபோல், ஆயிரம் எழுத்துகளால் ஆன ஒரு பாடத்தை உருப்போட்டார்கள். அரசு உத்தியோகத்துக்கான தேர்வு 1905இல் ஒழிக்கப்படும் வரை, எழுத்து என்பது பதவிக்குப் போகும் ஏணி. ஏணியின் அடியில் நின்று தாங்கியவர்களுக்கு அது இல்லை.

அந்தப் பூட்டை உடைத்ததில் முதல் அடி கொடுத்தவர்களுள் நம்மைப் போன்ற தொழிலாளர்களும் உண்டு. முதல் உலகப் போரின்போது ஏறத்தாழ 140,000 சீனத் தொழிலாளர்கள் பிரான்சுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பதுங்குகுழி வெட்டினார்கள், மூட்டை சுமந்தார்கள், பாதை போட்டார்கள். நம் முன்னோர் சஞ்சிக்கூலிகளாக இந்நாட்டுக்குக் கப்பலேறிய முறை 1910இல்தான் ஒழிந்தது. அதற்குச் சில ஆண்டுகளே கழித்து, அதே போன்ற ஒப்பந்தத்தில் ரேகை வைத்து அவர்கள் வேறொரு கடலைத் தாண்டினார்கள்.

1918இல் யான் யாங்சூ என்ற இளைஞர், ஜேம்ஸ் யென் என்று உலகம் அறிந்தவர், அமெரிக்காவில் படிப்பை முடித்துவிட்டு அவர்களிடையே வேலை செய்யப் பிரான்சின் பூலோன் நகருக்குப் போனார். இரவெல்லாம் அவர்களுக்காக ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். எழுதி எழுதிக் கை ஓய்ந்தது. கடிதக் கூட்டம் ஓயவில்லை. ஒரு நாள் எல்லாரையும் கூட்டி, இனிக் கடிதம் எழுதித் தருவதில்லை, எழுதக் கற்றுத் தருகிறேன், யார் வருகிறீர்கள் என்றார். கூட்டம் சிரித்தது. நாற்பது பேர் போல முன்வந்தார்கள். பகலில் மண்வெட்டி பிடித்த கை இரவில் எழுதுகோல் பிடித்தது. சில மாதங்களில் அவர்கள் தங்கள் கையாலேயே வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். 1919இல் அத்தொழிலாளர்களுக்கென்று ஒரு வாரப் பத்திரிகையும் தொடங்கினார். அதைப் படித்த ஒரு தொழிலாளி, இவ்வளவு மலிவாக விற்றால் பத்திரிகை நின்றுபோகுமே என்று அஞ்சி, மூன்று ஆண்டு உழைப்பில் மிச்சம் பிடித்த 365 பிராங்கை அனுப்பி வைத்தான் என்று யென் பிற்காலத்தில் பலமுறை சொன்னார். சங்கப் பத்திரிகைச் சந்தாவுக்கு நாள் கடத்தும் தோழர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம்!

நாடு திரும்பிய யென், ஆயிரம் எழுத்துகளை மட்டும் தேர்ந்து பாடநூல் அமைத்து, 1920களில் பெரும் எழுத்தறிவு இயக்கத்தை நடத்தினார். பின்னர் சீனத்தில் எத்தனையோ மாற்றங்கள் வந்தன. 1956இல் கோடுகள் மிகுந்த எழுத்துகள் பலவற்றைச் சுருக்கினார்கள். 1958இல் உச்சரிப்பை ரோமன் எழுத்தில் காட்டும் 'பின்யின்' முறை வந்தது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே எழுத்தறியாதவர் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. ஒரு காலத்தில் நூற்றுக்கு எண்பது பேர் அறியாதிருந்த நாடு அது.

அந்தப் பிரான்சுத் தொழிலாளர்களை வெள்ளைக்காரர்கள் எந்தப் பெயரால் அழைத்தார்கள்? 'கூலி' என்று! அது நம் சொல். குஜராத்தின் கோலி என்ற குலப்பெயரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. தமிழின் கூலியே மூலம் என்பார் பலர். கூலி என்பது உழைத்தவன் வாங்க வேண்டிய பணம். பணத்தைக் குறைத்துக் கொடுத்தவர்கள், பெயரை மட்டும் முழுதாகக் கொடுத்துவிட்டார்கள்! அந்தச் சொல் கடல் தாண்டிச் சீனத்துக்குப் போனபோது, ஒலிக்கு ஏற்ப இரண்டு எழுத்துகளைத் தேர்ந்து எழுதினார்கள். 'கு' என்றால் கசப்பு; 'லி' என்றால் வலிமை. கசப்பான வலிமை! தொழிலாளியின் வாழ்வை இதைவிடச் சுருக்கமாக எழுத நம்மால் முடியுமா?

தமிழும் சீனமும் இப்படிக் கசப்பில் மட்டும் சந்திக்கவில்லை. சீனத்துச் சுவான்சோ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அதன் முடிவில் சீன எழுத்தும் ஒரு வரி உண்டு. கடற்பயணி செங் ஹோ 1409இல் பொறிக்கச் செய்து இலங்கைக்குக் கொண்டுபோன கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள் இருக்கின்றன. 1911இல் காலி நகரில் கண்டெடுத்த அக்கல்லைக் கொழும்பு அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். ஒரே கல்லில் நின்ற இரு எழுத்துகள், ஒரே தோட்டத்தில் ஒன்றையொன்று அறியாமல் இருக்கலாமா?

ஆகவே நாம் கேட்டுக்கொள்வது இதுதான். நம் பிள்ளைகள் முதலில் தமிழை நன்றாகப் படிக்கட்டும். தாய்மொழி எழுத்தைப் படித்த கண்தான் அடுத்த எழுத்தையும் விரைவில் பிடிக்கும். அதன்மேல், மாதம் பத்துச் சீன எழுத்து, ஆண்டுக்கு நூற்றிருபது. வாரம் ஒரு நாள் மாலை, சங்கக் கொட்டகையில் விளக்குப் போட்டு நாம் காத்திருப்போம். நமக்குத் தெரிந்தது கொஞ்சம். மிச்சத்தைக் கற்றுத்தர அந்தப் பையன், இப்போது வளர்ந்த இளைஞன், வருவதாகச் சொல்லியிருக்கிறான். அவனுடைய பாட்டியும் வருகிறார். இந்த வயதில் தம் பெயரை எழுதிப் பார்க்க வேண்டுமாம். அவருக்கு முன்வரிசையில் இடம் வையுங்கள்.

முதல் வகுப்புக்கான பாடத்தை இப்போதே தந்துவிடுகிறோம். மேலே ஒரு கிடைக்கோடு, கீழே ஒரு கிடைக்கோடு, இரண்டையும் இணைக்க நடுவே ஒரு தூண். தச்சர் கையில் இருந்த கருவியின் படம் என்பர். இதன் பெயர் 'குங்', வேலை. இதனோடு 'ரென்' சேர்ந்தால் தொழிலாளி. 'ஹுவேய்' சேர்ந்தால் 'குங்ஹுவேய்', தொழிற்சங்கம்.

இன்னும் ஒன்று. 'கு லி' என்ற இரண்டு எழுத்துகளில் கசப்பு என்ற எழுத்தை எடுத்துவிட்டு, வலிமையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதன் இடப்பக்கத்தில் இந்த 'குங்' என்ற எழுத்தை ஒட்டி எழுதுங்கள். இரண்டும் சேர்ந்து ஒரே எழுத்தாகும். அதையும் 'குங்' என்றே வாசிப்பார்கள். ஆனால் பொருள் வேறு: ஒருவன் உழைத்து அடைந்த சாதனை, அதற்குரிய பெருமை.

அடுத்த வாரம் வரும்போது ஒவ்வொருவரும் அந்த எழுத்தை எழுதிக்கொண்டு வாருங்கள். மறக்காமல் ஆளுக்கொரு நோட்டும் பென்சிலும் கொண்டுவாருங்கள். உங்கள் பால் எடையை அன்றன்றைக்கு நீங்களே எழுதி வைக்க வேண்டிய நோட்டும் அதுவே.